சாப்பாட்டுக் கணக்கு: சில புத்தகங்கள்

சாப்பாட்டுப் புத்தகம் என்றதும் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு வகைதான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, "கடுகு வெடித்ததும் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடவும்" வகை. இன்னொன்று, எந்த ஊரில் எந்தச் சந்தில் எந்தக் கடை பரோட்டா பிரமாதம் என்று சொல்கிற வகை. இரண்டையும் குறை சொல்வதற்கில்லை. (இரண்டாவதை மட்டும் ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து படிக்கக் கூடாது. மனசுக்கு ஆகாது. :-))

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. தட்டில் இருக்கிற பண்டத்தைக் கையில் எடுத்து, "இதற்கு யார் காசு கொடுத்தது? நடுவில் யார் சம்பாதித்தது? யாருக்குக் கிடைக்காமல் போனது?" என்று பில்லை நீட்டிக் கேட்கிற புத்தகங்கள். கதை கிடையாது, எல்லாம் நிஜம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கென்றே எழுதினதுபோல இருக்கும், ஆனால் எந்த சிலபஸிலும் இருக்காது. காஸ்ட் அக்கவுண்டிங் தாளில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் மூலப்பொருள், கூலி, மேற்செலவு எல்லாவற்றையும் கூட்டி அடக்கவிலை போட்டுவிடலாம். அந்த பிஸ்கட்டுக்குள் இருக்கிற சர்க்கரையும் உப்பும் வந்த பாதை அந்தத் தாளில் வராது. அதைப் போட்டுக் காட்டுகிற புத்தகங்கள் சிலவற்றைப் பார்க்கலாம்.

முதலில் உப்பு. புத்தகத்தின் பெயர் 'தி கிரேட் ஹெட்ஜ் ஆஃப் இந்தியா', அதாவது இந்தியாவின் மாபெரும் வேலி. எழுதியவர் ராய் மாக்ஸம், வெளிவந்தது 2001இல். இவர் சரித்திரப் பேராசிரியர் எல்லாம் இல்லை. லண்டனில் ஒரு நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பழுதுபார்த்துக் காப்பாற்றுகிற வேலையில் இருந்தவர். 1995இல் அங்கே சேரிங் கிராஸ் சாலையில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஸ்லீமன் என்ற கம்பெனிக் காலத்து அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் அவர் கையில் கிடைக்கின்றன. உள்ளே ஓர் அடிக்குறிப்பு. உப்பு வரி வசூலிப்பதற்காக இந்தியாவின் குறுக்கே ஒரு முள்வேலி வளர்க்கப்பட்டிருந்தது, காவலுக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள் என்று அது சொல்கிறது. அடிக்குறிப்பை எல்லாம் யார் படிக்கிறார்கள்? இவர் படித்தார். படித்துவிட்டு, இவ்வளவு பெரிய விஷயம் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கண்ணில் படவில்லையே என்று தேடக் கிளம்பிவிட்டார்.

விஷயம் இதுதான். வங்காளத்தில் உப்புக்குக் கம்பெனி வைத்திருந்த வரி கடுமையானது. மேற்கே ராஜபுதனத்தில் சாம்பார் ஏரி மாதிரி இடங்களில் விளைந்த உப்போ மலிவு. (பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்து யாரும் குழம்பு வைத்துவிட வேண்டாம்.) அந்த உப்பு வரி கட்டாமல் கிழக்கே போய்விடக் கூடாது. அதற்காகச் சுங்கக் கோடு ஒன்றைப் போட்டார்கள். 1869 வாக்கில் அந்தக் கோடு சிந்து நதியிலிருந்து மகாநதி வரைக்கும் சுமார் 2300 மைல் நீண்டு கிடந்தது. இன்றைக்குக் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகிற நெடுஞ்சாலையின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். காவலுக்குச் சுமார் 12,000 பேர். அந்தக் கோட்டின் பெரும்பகுதியில் நின்றது வேலி. கருவேலம், இலந்தை, களா, கள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று எது எந்த மண்ணில் வருமோ அதை நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். நன்றாக வளர்ந்த இடங்களில் மனிதனைப்போல் இரண்டு மடங்கு உயரம். ஆள், மாடு எதுவும் நுழைய முடியாது.

இந்த வேலியை அக்கறையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், 1867இலிருந்து 1870 வரை உள்நாட்டுச் சுங்கத்துறை ஆணையர். ஆமாம், 1885இல் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கிய அதே ஹியூம்தான். பள்ளிப் புத்தகத்தில் இரண்டாவது வரி மட்டும்தான் இருக்கும்.

வேலி எவ்வளவு நீளம் என்பதோடு மாக்ஸம் நிறுத்தியிருந்தால் இது ஒரு வினோதச் செய்தியாகப் போயிருக்கும். அவர் உப்பு உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதுகிறார். வெயிலில் உழைக்கிறவனுக்கு வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும். அதைத் திருப்பிப் போட்டாக வேண்டும். சோறு குறைந்தால் வயிறு கத்தும். உப்பு குறைந்தால் அப்படிக் கத்தாது. சோர்வு, தலைசுற்றல், மயக்கம் என்று வேறு ஏதோ நோய் மாதிரி வரும். வயிற்றுப்போக்கு வந்தவனைச் சாகடிப்பதே உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். பஞ்ச காலத்தில், பேதி பரவுகிற நேரத்தில், உப்பும் எட்டாத விலையில் இருந்தால் என்ன ஆகும்? பணக்காரரும் ஏழையும் தின்கிற உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். உழைக்கிறவனுக்குக் கொஞ்சம் கூடவே வேண்டும். அப்படியானால் உப்பு வரி என்பது சம்பாத்தியம் குறையக் குறையப் பாரம் கூடுகிற வரி. பொது நிதியியல் தாளில் 'தேய்வு வீத வரி' என்று ஒரு வரியில் படித்துத் தாண்டிப் போகிற சங்கதி, இங்கே முள்ளும் காவல்காரனுமாக எழுந்து நிற்கிறது.

1879இல் வேலியைக் கைவிட்டார்கள். மனசு இளகியதால் இல்லை. அதற்குள் சாம்பார் ஏரியே ஆங்கிலேயர் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது, உப்பு விளைகிற இடத்திலேயே வரியைப் போட்டுவிடலாம், பிறகு வேலி எதற்கு? வரி மட்டும் 1947 வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. தெற்கே இந்த வேலி வரவில்லை என்றாலும் சென்னை மாகாணத்தில் 1805இலிருந்தே உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததை வெறும் அடையாளப் போராட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு இன்னொரு முறை யோசிக்கலாம்.

ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தில் பாதி பயணக் கதை. பஸ் பிடிப்பது, ஊர் ஊராக அலைவது, விசாரித்து ஏமாந்து லண்டன் திரும்புவது என்று போய்க்கொண்டே இருக்கும். சிலருக்குப் பொறுமை போகும். ஆனால் 1998இல் எட்டாவா மாவட்டத்தில் ஒரு மண்மேட்டின்மேல் அந்த வேலியின் மிச்சமாக முள்மரங்களை அவர் கண்டுபிடிக்கிற இடம் வரும்போது, அந்த அலைச்சல் எல்லாம் தேவைதான் என்று தோன்றிவிடும்.

அடுத்தது கலப்படம். 1820இல் லண்டனில் ஃபிரெடரிக் அக்கும் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் உணவுக் கலப்படத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அட்டையிலேயே மண்டை ஓடு. 1000 பிரதிகள் ஒரே மாதத்தில் விற்றன. மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள பீ வில்சன் 2008இல் எழுதிய 'ஸ்விண்டில்டு' போதும். அக்குமின் மூலப் புத்தகமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ரொட்டியை வெளுக்க வைக்கப் படிகாரம். ஊறுகாய் பச்சைப் பசேலென்று தெரியச் செம்பு. பீருக்குப் போதை ஏற்றக் காக்கைக்கொல்லி விதை. இந்தக் காக்கைக்கொல்லி நம் பக்கத்துக் கொடிதான். விதையை அரைத்துத் தண்ணீரில் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பார்கள். அது கப்பலேறிப் போய் லண்டன் குடிகாரர்களையும் மயக்கியிருக்கிறது!

எல்லாவற்றிலும் மேலானது சீஸ் கதை. ஒரு விடுதியில் குளோஸ்டர் சீஸ் சாப்பிட்ட ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுவலி. சோதித்துப் பார்த்தால் சீஸில் ஈயச் செந்தூரம், அதாவது சுத்தமான விஷம். எப்படி வந்தது? சீஸ் செய்தவர் நிறத்துக்காக அன்னாட்டோ என்ற விதைச் சாயத்தை வாங்கினார். அது உலகம் முழுக்கப் போடுகிற சாயம்தான், அவர்மேல் தப்பில்லை. சாயம் விற்றவர், சரக்கு மட்டமாக இருந்ததால் நிறம் தூக்கலாகத் தெரிய அதில் கொஞ்சம் சாதிலிங்கம் சேர்த்தார். அந்தச் சாதிலிங்கத்தை அவருக்கு விற்ற மருந்துக்கடைக்காரர், இது எப்படியும் வீட்டுக்கு வர்ணம் அடிக்கத்தானே போகிறது என்று நினைத்து அதில் ஈயச் செந்தூரத்தைக் கலந்தார். ஆளாளுக்குத் தன் சரக்கில் நாலு காசு மிச்சம் பிடித்தார்கள். கடைசியில் தின்றவனுக்கு விஷம். சப்ளை செயின் பற்றி எத்தனையோ பவர்பாயிண்ட் ஸ்லைடுகள் வகுப்பில் ஓடியிருக்கும், 200 வருடத்துக்கு முந்தைய இந்த ஒரு சீஸ் துண்டு சொல்கிற அளவுக்கு எதுவும் சொன்னதில்லை.

அக்கும் இன்னொரு காரியமும் செய்தார். கலப்படத்துக்காகத் தண்டிக்கப்பட்ட வியாபாரிகளின் பெயர்களை அப்படியே அச்சில் போட்டார். அதே வருடக் கடைசியில், நூலகப் புத்தகங்களிலிருந்து தாள்களைக் கிழித்தார் என்று அவர்மேல் வழக்கு வந்தது. கிழித்தது உண்மைதான் என்றே தெரிகிறது. மானம் போய், 1821இல் ஜெர்மனிக்கே திரும்பிவிட்டார். இங்கிலாந்தில் உணவுக் கலப்படத்துக்கு எதிராகப் பொதுவான சட்டம் வந்தது 1860இல், அதாவது இவர் எழுதி 40 வருடம் கழித்து. மண்டை ஓட்டைப் பார்த்து 1000 பேர் ஒரே மாதத்தில் வாங்கிப் படித்தும் 40 வருடம்!

இனி வரப்போகிறது கொஞ்சம் கனமான புத்தகம். அமர்த்தியா சென் 1981இல் எழுதிய 'பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ்', வறுமையும் பஞ்சங்களும். இதை எப்படி உணவுப் புத்தகம் என்று சொல்லலாம் என்று கேட்கலாம். சாப்பாடு பற்றிய புத்தகப் பட்டியலில் சாப்பாடு கிடைக்காததைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றால் அதுதான் விசித்திரம்.

1943 வங்காளப் பஞ்சம். செத்தவர்கள் 30 லட்சம் அளவில் என்பது சென்னின் மதிப்பீடு. அரசாங்க விசாரணைக் குழு 15 லட்சம் என்றது. பஞ்சம் நடக்கும்போது சென் சாந்திநிகேதனில் 9 வயதுப் பையன். வீட்டு வாசலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கலாம், குடும்பத்துக்கு ஒரு டின்தான் என்று தாத்தா அனுமதி கொடுத்திருந்ததை அவர் பின்னால் எழுதியிருக்கிறார். அந்தப் பையன் வளர்ந்து பொருளாதார அறிஞராகி, கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கேட்ட கேள்விதான் இந்தப் புத்தகம்: அரிசி நிஜமாகவே இல்லையா?

இருந்தது என்கிறார். அவர் போட்ட கணக்குப்படி 1943இல் வங்காளத்தில் இருந்த உணவு, அதற்கு முந்தைய ஐந்து வருடச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு. 1941ஐவிட 13 சதவீதம் அதிகம். 1941இல் பஞ்சம் இல்லை. அப்படியானால்?

விலை. போர்ச் செலவுக்காக அரசாங்கம் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி மொத்த விலை 13, 14 ரூபாய். 1943 ஆகஸ்டில் 37 ரூபாய். (ஒரு மணங்கு என்பது சுமார் 37 கிலோ.) போர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவனுக்குச் சம்பளம் ஏறியது. கல்கத்தாக்காரர்களுக்கு மலிவு விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு இருந்தது. கிராமத்தில் கூலிக்குப் போனவனுக்குக் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. சந்தை ஒன்றுதான், அரிசி ஒன்றுதான், ஏலத்தில் நிற்கிறவர்களின் பைதான் வேறு வேறு.

இந்த இடத்தில் சென் போடுகிற ஒரு பட்டியலுக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம். பீர்பூம் மாவட்டத்தில் கூலி, மீன், பால், மூங்கில் குடை, முடிவெட்டுகிற கூலி இதெல்லாம் எவ்வளவு அரிசிக்குச் சமம் என்று காலவாரியாகக் கணக்கிடுகிறார். டாலருக்கு எத்தனை ரூபாய் என்று பார்ப்பதுபோல, ஒரு முடிவெட்டுக்கு எத்தனை அரிசி! யோசித்துப் பாருங்கள். அரிசி விலை மூன்று மடங்கு ஆகும்போது ஊரில் யாரும் முடிவெட்டிக்கொள்ளப் போவதில்லை. குடை வாங்கப் போவதில்லை. நாவிதர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர் கத்தி மழுங்கவில்லை, கைத்திறமை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தத் திறமைக்கு மாற்றாகக் கிடைத்துவந்த அரிசி கரைந்துவிட்டது. மீனவர்கள் பாடு இன்னும் மோசம். ஜப்பான்காரன் வந்தால் பயன்படுத்திவிடுவான் என்று கரையோரப் படகுகளை அரசாங்கமே 1942இல் பறித்திருந்தது. விளைச்சலில் பங்காக நெல் வாங்கின குத்தகைதாரர்கள் ஓரளவு தப்பித்தார்கள். காசாகக் கூலி வாங்கின விவசாயத் தொழிலாளிகள் செத்தார்கள். ஒரே வயல், ஒரே நெல், கூலி எந்த வடிவத்தில் வந்தது என்பதில் உயிர் இருந்திருக்கிறது.

1974 வங்கதேசப் பஞ்சத்திலும் இதே கதைதான். அந்த வட்டாரத்தில் அந்தச் சில வருடங்களில் தலைக்கு இவ்வளவு உணவு என்று பார்த்தால் அதிகம் இருந்ததே 1974இல்தான் என்று சென் காட்டுகிறார். வெள்ளம் வந்து வேலை போனவர்களிடம் அதை வாங்கக் காசில்லை.

சென்னின் வங்காளக் கணக்கை ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் இருக்கிறார்கள். 1942 புயலாலும் நெல்லில் வந்த பூஞ்சை நோயாலும் விளைச்சல் அவர் சொல்வதைவிட நிறையவே குறைந்திருந்தது என்பது அவர்கள் வாதம். அந்தச் சண்டை நடக்கட்டும். பஞ்சம் என்றால் விளைச்சல் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை, சட்டைப் பையின் பக்கம் திருப்பிவிட்டது சென்தான். ரேஷன் கடை இலவச அரிசியைப் பற்றி, "சும்மா கொடுத்தா சோம்பேறி ஆயிடுவாங்க" என்று டீக்கடையில் பொருளாதாரம் பேசுகிறவர்கள் யாராவது கண்ணில் பட்டால், அந்த நாவிதர் கணக்கு இருக்கும் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம்.

கனமாகிவிட்டதால் கொஞ்சம் ஹோட்டலுக்குப் போவோம். ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் எழுதிய 'டவுன் அண்ட் அவுட் இன் பாரிஸ் அண்ட் லண்டன்'. கையில் காசில்லாமல் பாரிஸில் ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் எடுபிடியாகவும் பாத்திரம் தேய்க்கிறவராகவும் இருந்த கதை. வெளியே வெள்ளை மேஜை விரிப்பும் பூவும். நடுவில் ஒரு கதவு. இந்தப் பக்கம் புழுக்கம், அழுக்கு, கெட்ட வார்த்தை, ஒரு நாளில் பெரும்பகுதி நின்றுகொண்டே வேலை. தட்டு எவ்வளவு விலை கூடியதோ அவ்வளவு பேர் அதை விரலால் தொட்டிருப்பார்கள் என்று அவர் விளக்குகிற இடம் படிக்கச் சிரிப்பாக இருக்கும். அடுத்த வேளை ஹோட்டலுக்குப் போகும்போது சிரிப்பு வராது. ஆந்தனி போர்டெய்ன் 2000இல் எழுதிய 'கிச்சன் கான்ஃபிடென்ஷியல்' இதற்குப் பேரன் முறை. நியூயார்க் சமையலறை, போதை, சண்டை, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. திங்கட்கிழமை மீன் ஆர்டர் பண்ணாதே என்று அவர் சொன்னது உலகப் புகழ். வார இறுதிக்காக வாங்கி மிச்சமானது திங்கள் தட்டுக்கு வரும் என்பது காரணம், அதாவது சுத்தமான இன்வென்டரி பிரச்சினை. (காலம் மாறிவிட்டது என்று பின்னாளில் அவரே அதைத் திருத்திக்கொண்டார்.) படிக்க ஜாலியான புத்தகம். ஆர்வெல் அளவுக்கு மனதில் தங்காது. போர்டெய்னுக்குச் சமையலறை ஒரு கப்பல் கூட்டாளிகள் மாதிரி, அதில் பெருமை. ஆர்வெலுக்கு, இந்த வேலை இத்தனை மணி நேரம் எதற்காக நடக்கிறது என்ற கேள்வி.

கூலி வாங்குகிற சமையல்காரர் கதை இப்படி. கூலியே வாங்காத சமையல்காரர்? ஸ்வீடன் பத்திரிகையாளர் காத்ரீன் மார்சால் எழுதி 2015இல் ஆங்கிலத்துக்கு வந்த புத்தகத்தின் தலைப்பே, ஆடம் ஸ்மித்தின் இரவுச் சாப்பாட்டைச் சமைத்தது யார் என்பதுதான். கசாப்புக்காரர், ரொட்டிக்காரர் எல்லாம் அன்பால் இல்லை, சொந்த லாபத்துக்காகத்தான் சாப்பாடு தருகிறார்கள் என்ற ஸ்மித்தின் வாதம் எகனாமிக்ஸ் முதல் வருடத்திலேயே வந்துவிடும். 1776இல் அதை எழுதின மனிதர் கல்யாணம் செய்துகொள்ளாதவர், பெரும்பாலும் அம்மாவோடு வாழ்ந்தவர். இறைச்சியை வாங்கிவந்தால் ஆயிற்றா? அதைச் சமைத்துத் தட்டில் வைத்த அம்மா மார்கரெட் டக்ளஸ் அந்த வாதத்தில் எங்கே என்று மார்சால் கேட்கிறார். கேள்வி பிரமாதம். புத்தகம் போகப் போக அதையே பல விதமாகத் திரும்பச் சொல்கிறது. முதல் சில அத்தியாயங்கள் படித்தால் போதும்.

இதைப் படித்த கையோடு மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' புத்தகத்தை எடுத்தால் அது வேறு மாதிரி தெரியும். 1951இல் முதல் பாகம் வந்தது. கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பெட்டியில் அதை வைத்து அனுப்புவது பல வீடுகளில் வழக்கமாகவே இருந்தது. அதுவரை பாட்டி, அம்மா என்று வாய்வழியாக வந்த ஒரு வேலையை, அளவும் வரிசையும் போட்டு எழுதி வைத்த புத்தகம் அது. அதில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான வேலைகளை மட்டும் வரிசையாக எண்ணிப் பாருங்கள். வறு, இடி, ஊறவை, அரை, கரை, வடிகட்டு. இத்தனைக்கும் கூலிப் பத்தியில் என்ன தொகை எழுதுவது? காலம் காலமாகச் சைபர்தான் எழுதியிருக்கிறார்கள்.

'சமைத்துப் பார்' ஒரு குறிப்பிட்ட சாதியின் சமையலறை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்ற சமையலறைகள்? மராட்டியில் ஷாஹு பட்டோலே 2015இல் ஒரு புத்தகம் எழுதினார். அன்னமே பூரணப் பிரம்மம் என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. அதைத் திருப்பி 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று தலைப்பு வைத்தார், அன்னம் பூரணமில்லாத பிரம்மம். மராத்வாடாவின் தலித் வீடுகளில் என்ன சமைத்தார்கள், ஏன் அதைச் சமைத்தார்கள் என்பது புத்தகம். 2024இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. இதில் சமையல் குறிப்புகள் இருக்கின்றன, ஆனால் நெய்யை ஊற்று, முந்திரியைப் போடு என்று வராது. அவை அந்த வீடுகளுக்கு வந்ததே இல்லை. கிடைக்கிற நாளில் நிறையக் கிடைக்கும் இறைச்சியைக் கிடைக்காத நாளுக்காகக் கீறி வெயிலில் காயவைப்பது வரும், அங்கே அதற்குச் சான்யா என்று பெயர். நம்ம ஊர் உப்புக்கண்டத்துக்குச் சொந்தம். உணவுப் புத்தகம் எழுதுகிறவர்கள் 'பாரம்பரியச் சுவை' என்று உருகுகிற இடத்தில், எந்தப் பொருள் யார் வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்டது, எது எச்சமாகத் தள்ளப்பட்டது என்று இவர் கேட்கிறார். இந்த வரிசையில் கட்டாயம் படிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்லலாம். தமிழில் இப்படி முழு அளவில் ஒன்று வர வேண்டும்.

மற்றவை வேகமாக. சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய 'ஸ்வீட்னெஸ் அண்ட் பவர்' சர்க்கரையின் சரித்திரம். ராஜாக்களின் பண்டமாக இருந்த சர்க்கரை, 1900 வாக்கில் இங்கிலாந்துக்காரர்களின் உணவுச் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக ஆன கதை. ஆலைத் தொழிலாளியின் டீயில் விழுந்த அந்தச் சர்க்கரையைக் கரீபியன் தீவுகளில் அடிமைகள் விளைவித்தார்கள். அடிமை முறை போனபின் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1860இல் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்ற கப்பல் கிளம்பியது சென்னையிலிருந்துதான். பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' பாடியது பிஜித் தீவுக்குப் போனவர்களுக்காக. மின்ட்ஸின் நடை கொஞ்சம் வறட்சி, பென்சிலோடு உட்கார வேண்டும்.

எரிக் ஷ்லோசரின் 'ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்' (2001), மைக்கேல் போலனின் 'தி ஆம்னிவோர்ஸ் டைலம்மா' (2006) இரண்டும் அமெரிக்கக் கதை. ஷ்லோசர் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளிகளைப் பற்றி எழுதிய பகுதி இரவில் படிக்க உகந்ததல்ல. போலன் நான்கு சாப்பாடுகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வயல் வரைக்கும் பின்தொடர்கிறார். யோசனை அருமை. ஆனால் கடைசிச் சாப்பாட்டுக்குத் தானே வேட்டையாடக் கிளம்பும்போது, இதற்கெல்லாம் யாருக்கு நேரமும் காசும் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கே. டி. அச்சயாவின் 'இந்தியன் ஃபுட்: எ ஹிஸ்டாரிக்கல் கம்பேனியன்' (1994) வரிசையாகப் படிக்கிற புத்தகம் இல்லை, புரட்டுகிற புத்தகம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டபின், ஆதிகாலத்துத் தமிழன் காரசாரமாகச் சாப்பிட்டான் என்று ஃபார்வர்டு மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கு, அது மிளகுக் காரமாக்கும் என்று பதில் போடலாம். இட்லி இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்ற அவருடைய ஊகத்தை மட்டும் மதுரைப் பக்கம் போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். ஊகம்தான், நிரூபணம் இல்லை.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் ஆர்வெல். சின்னப் புத்தகம், எளிய ஆங்கிலம், இந்தியாவில் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டதால் இலவசமாகவே படிக்கலாம். அடுத்தது மாக்ஸம், பிறகு பட்டோலே. சென்னைவாசிகளுக்குக் கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கவே இருக்கின்றன. சென்னின் புத்தகத்தை எடுக்கிறவர்கள் பின்னால் இருக்கிற கணிதப் பிற்சேர்க்கைகளைப் பார்த்துப் பயந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். அவற்றைத் தாண்டிவிடலாம். வங்காளப் பஞ்ச அத்தியாயத்துக்குக் கூட்டல் கழித்தலும் சதவீதமும் தெரிந்தால் போதும்.